பேசினின் அடிப்பக்கம்

கல்முனைக்குடியில் வாளி வெடித்தால் எறியாமல் றம்லாவிடம் கொண்டுபோகும் பழக்கம் சுனாமியில் கடல் வந்துபோன பிறகு உண்டானது. அதற்கு முன் அங்கே யாரும் பிளாஸ்டிக்கை ஒட்டியதில்லை. றம்லாவும் ஒட்டியதில்லை. அப்போது அவளுக்குச் சொந்த வீடு இருந்தது, கிணறு இருந்தது, மகள் ஜெஸீமாவுக்கு இளையவனாக ஒரு மகனும் இருந்தான்.

பாடசாலையில் அகதியாக இருந்த நாட்களில் குடும்பத்துக்கு ஒரு நீல வாளி கொடுத்தார்கள். கொடுத்த நிறுவனத்தின் பெயர் வாளியில் பெரிய எழுத்தில் இருந்தது. எட்டு மாதத்தில் வெயிலில் காய்ந்து வாளி வெடித்தது. அதற்குள் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் நின்றது. றம்லா மெழுகு வைத்துப் பார்த்தாள், சைக்கிள் கடைப் பசை வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. ஒருநாள் பிளாஸ்டிக் அகப்பையின் பிடி சூட்டில் உருகிச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க முடியாமல் அரைமணி நேரம் போராடியவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பழைய கத்தியைச் சிரட்டைத் தணலில் காய்ச்சி, உடைந்த பிளாஸ்டிக் கானின் துண்டை உருக்கி, வெடிப்பில் இழைத்தாள். முதல் மூன்று தடவையும் ஒட்டிய இடம் நின்றது, வெடிப்பு அதைத் தாண்டி ஓடியது. நாலாம் தடவை, வெடிப்பு முடியும் நுனியில் காய்ச்சிய ஆணியால் ஒரு துளை போட்டு, அந்தத் துளையை முதலில் அடைத்தாள். அதோடு வெடிப்பு நின்றது.

அன்றிலிருந்து அவள் கையில் சூட்டு வடுக்கள் ஆறாமல் இருந்தன. சிவப்பு வாளிக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று உடைந்த சாமான்களை நிறம் பிரித்து உரப்பைகளில் கட்டி வைத்திருந்தாள். கொண்டுவந்தவர்கள் அரிசியோ தேங்காயோ கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒழுகும் வாளியை எல்லோரும் பார்ப்பார்கள், ஒழுகாத வாளியை யாரும் பார்ப்பதில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால் வருத்தம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

அந்தக் கரையோரத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்றால் வீட்டோடு கொடுப்பது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். றம்லாவுக்கும் அவள் உம்மா கடலோரத்து வீட்டைக் கொடுத்திருந்தாள். ஜெஸீமாவுக்குக் கொடுக்கவேண்டிய அந்த வீட்டில் அத்திவாரக் கல்கூட மிஞ்சவில்லை. ஐந்து வருடம் கழிந்தும் அவர்கள் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள். வயல் பக்கமாகக் கிடைத்த துண்டுக் காணியில் இரண்டு அறைக்குச் சுவர் எழும்பி யன்னல் மட்டத்தில் நின்றது. ஜெஸீமாவுக்கு இருபது வயதாகியிருந்தது.

இந்த நிலையில்தான் சல்மா உம்மாவின் சம்மதம் வந்தது. அவளுடைய கணவர் முகைதீன்பாவா கலியாணங்களுக்குக் கதிரை, பந்தல், சகன், சட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவர்களுடைய மகன் இம்தாத் லொறி ஓட்டினான். கட்டினால் ஜெஸீமாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். சல்மா உம்மா ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானே கொட்டிலுக்கு வந்தாள்.

"சுவர் நிக்கிதுதானே, கூரயப் பொறகு போடலாம். ஹஜ்ஜிப் பெருநாள் கழிய நிக்காஹ் வைப்பம்" என்றாள்.

சொந்தக்காரரிடம் பெண்ணுக்கு மூன்று அறை வீடு என்று சொன்னதும் அவள்தான். றம்லா அதைத் திருத்தவில்லை.

சல்மா உம்மாவிடமும் மூடிவைக்க ஒன்று இருந்தது. பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சகனைச் சுற்றி விருந்தினர் அமர்ந்ததும் ஒருவர் செம்பும் பேசினுமாக வந்து ஒவ்வொருவர் கைக்கும் தண்ணீர் ஊற்றுவார். கழுவிய தண்ணீர் பேசினில் விழும். அது ஒழுகி ஒரு பெரியவரின் வெள்ளைச் சாரத்தில் சொட்டினால் கலியாண வீட்டின் மானம் போய்விடும். முகைதீன்பாவாவிடம் முன்பு இருந்தவை பித்தளை. கடல் கொண்டுபோன பிறகு அவர் வாங்கியது பிளாஸ்டிக். வெடித்தவற்றை எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்லி அவர் சல்மா உம்மாவிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். சல்மா உம்மா எறியவும் இல்லை, வாங்கவும் இல்லை. அசர் தொழுகைக்குப் பிறகு உரப்பையில் கட்டி முச்சக்கர வண்டியில் றம்லாவிடம் கொண்டுவந்தாள். கணவருக்கும் மகனுக்கும் தெரியாது.

அந்தப் பேசின்களில் றம்லா தன் மிகச் சிறந்த வேலையைச் செய்தாள். சம்பந்தி வீட்டுச் சாமான் என்பதால் மட்டுமல்ல. உள்பக்கம் கை பட்டால் தழும்பு தெரியக்கூடாது, ஆகவே ஒட்டு முழுவதையும் அடிப்பக்கத்தில் செய்யவேண்டும், அதுவும் மெல்லிசாக. ஒரு பேசினுக்கு இரண்டு நாள் எடுத்தது. கவிழ்த்துப் பார்த்தால் கிளை விரித்த மரம்போல் ஒட்டுகள் ஓடின. அவற்றின் நடுவே மூன்று மஞ்சள் புள்ளிகள் இருந்தன. வாடகைச் சாமான்கள் கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு கடைக்காரரும் அடியில் வைக்கிற பெயின்ட் அடையாளம் அது. முகைதீன்பாவாவுக்கு மூன்று மஞ்சள். விருந்தில் சாப்பிட்டுப்போகிற ஆண்களுக்கு இது தெரியாது. பின்வளவில் குந்தியிருந்து கழுவி அடுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் கோகுலன் வந்தான். பாண்டிருப்பைச் சேர்ந்த சித்திர ஆசிரியர். கொழும்பிலிருந்து டிலானி என்ற பெண் ஓவியர் நடத்திய ஒரு திட்டத்துக்கு ஆள் சேர்த்தான். அன்றாடம் புழங்கும் பொருட்களை மனிதர்கள் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து ஒரு அனிமேஷன் படம் செய்வது திட்டம். பொருளை மேசையில் வைத்து ஒரு படம், விரல் அகலம் நகர்த்தி இன்னொரு படம். ஓடவிட்டால் பொருள் தானாக நடக்கும்.

"கார்ட்டூனா?" என்று கேட்டார் றம்லாவின் கணவர் அபூசாலி. கடல் வந்த பிறகு ஆழ்கடலுக்குப் போகாமல் கரைவலை இழுக்கப் போகிறவர் அவர். "வாளி நடக்கிறதயா வெள்ளக்காரன் பாக்கப்போறான்? வாளி எல்லாம் நடந்து போனத நாங்க ஒருக்காப் பாத்தாச்சே."

"முகம் வராது காக்கா. கை மட்டுந்தான்" என்றான் கோகுலன், அந்த ஊர் வழக்கில் அவரை அண்ணன் முறையாக்கி.

"கையெண்டா எடுத்துக்கங்க. அந்தக் கையில எடுக்கிறதுக்கு வேற ஒண்டுமில்ல."

முதல் நாள் பெண்கள் எல்லோரும் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய பீங்கான் கோப்பைகளோடும் பூப்போட்ட தட்டுகளோடும் வந்தார்கள். வெளியார் பார்க்க வந்தால் இருப்பதை மறைத்து இல்லாததை வைப்பதுதான் அங்கே மரியாதை. டிலானி ஒரு கோப்பையைக் கையிலெடுத்து, கோகுலனைத் திரும்பிப் பார்த்தாள். கோகுலன் விளக்கினான். மறுநாள் உண்மையான சாமான்கள் வந்தன. அவற்றில் வேறு சிக்கல். வாளி, பாய், தேத்தண்ணீர்க் கெத்தல், குடை, எதைத் தூக்கினாலும் ஏதோ ஒரு உதவி நிறுவனத்தின் சின்னம். இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் வேறு நிறுவனத்தார். சின்னம் தெரியக்கூடாது என்றார்கள். பாண்டிருப்பிலிருந்து வந்த கலாராணி தன் ரேடியோவை மேசையில் வைத்தாள். பற்றரி மூடி இல்லாமல் சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தது.

"இது ஆரும் தந்ததில்ல. மகன் வாங்கினது" என்றாள்.

மகன் இப்போது எங்கே என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் அப்படிக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை.

றம்லா இரண்டு வாரம் வாளிகளை நகர்த்தினாள். கழுத்து வலித்தது. ஒரு அந்தி கோகுலன் சொன்னான்:

"அக்கா, எல்லாம் படம் கீறின மாதிரித் தட்டையா இருக்கு. ஒட்டின வேலை நல்லாத் தெரியுற சாமான் ஒண்டும் இல்லையா?"

அப்போது அவளுடைய கொட்டிலில் சல்மா உம்மாவின் ஆறு பேசின்கள் வேலை முடிந்து கிடந்தன.

"தம்பி, இந்தப் படம் இஞ்ச காட்டுறல்லதானே?"

"இல்லக்கா. கொழும்பிலயும் வெளிநாட்டிலயும்தான்."

மறுநாள் ஆறையும் கொண்டுபோனாள். மேசையில் அவை வட்டமாக நின்றன. ஒரு பேசின் மெல்லச் சாய்ந்து கவிழ்ந்து அடியைக் காட்டும், அதைப் பார்த்து அடுத்தது கவிழும். ஆறும் கவிழ ஒரு பகல் முழுக்கப் போனது. புள்ளிகளை அவள் ஈரத்துணியால் மூடியிருக்கலாம். சவர்க்காரம் தடவி மறைத்திருக்கலாம். கடைசிப் பேசின் கவிழ்ந்தபோது டிலானி கமராவை விட்டுவிட்டு வந்து, ஒட்டுகளின் மேல் விரலை வைத்துப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

"என்ன செல்லுறா?" என்று றம்லா கேட்டாள்.

"இதச் செய்தவ ஒரு கலைஞர் எண்டு சொல்றா. அந்த மூண்டு மஞ்சள் புள்ளி மிச்சம் அழகாம். வேணுமெண்டு வச்சதா எண்டு கேக்கிறா."

றம்லா பேசின்களை நிமிர்த்தி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அன்று வீடு திரும்பும் வழியில் அவள் மனதில் இருந்தது பயம் அல்ல. ஐந்து வருடமாகத் தரையைப் பார்த்துக் கிடந்த ஒன்று அன்று மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அது பேசின் மட்டும் அல்ல.

மூன்று மாதம் கழித்துக் கோகுலன் ஓர் அழைப்பிதழோடு வந்தான். படம் முடிந்துவிட்டது. செய்தவர்களுக்கே முதலில் காட்டவேண்டும் என்று பணம் கொடுத்தவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபம், வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு, ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் அழைப்பு.

"இஞ்ச காட்டுறல்ல எண்டு செல்லின நீங்கதானே தம்பி?"

"அப்ப அப்பிடித்தான் சொன்னாங்க அக்கா. இது உங்களுக்கு மரியாதை."

"அந்தப் பேசின் வாற இடத்த வெட்டுங்க."

கோகுலன் திகைத்தான். "அதுதான் படமே. அத வெட்டினா மிச்சம் என்ன?"

ஏன் வெட்டவேண்டும் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சல்மா உம்மாவைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். "அந்தப் புள்ளி..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"புள்ளியில என்னக்கா இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

வெள்ளிக்கிழமை மண்டபத்தின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். கதிரைகள் முகைதீன்பாவாவின் கடையிலிருந்து வந்தவை. அவர் வரவில்லை, வேறொரு பந்தல் வேலை. சல்மா உம்மா பட்டுச் சேலையில் முதல் வரிசையில் இருந்தாள். சம்பந்திகளாகப் போகிறவர்கள் என்பதால் றம்லாவையும் ஜெஸீமாவையும் கைபிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

பதினொரு நிமிடப் படம். குடை விரிந்து சுழன்றது, ரேடியோ தன் டியூப் கட்டைத் தானே அவிழ்த்துக் கட்டியது, வாளிகள் வரிசையாகக் கிணற்றடிக்குப் போயின. பெண்கள் தங்கள் தங்கள் வாளியை அடையாளம் கண்டு சிரித்தார்கள். "அது எங்கட, அந்தப் பச்ச ஒட்டு எங்கட!" முகம் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஊரில் சாமான்களுக்கும் முகம் உண்டு என்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள். றம்லா அறிவாள்.

பேசின்கள் வந்தன. வட்டமாக நின்றன. ஒன்று சாய்ந்தது, அடியைக் காட்டியது. திரை முழுக்க மஞ்சள் புள்ளிகள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவுக்கு. பின்வரிசையில் ஒரு பெண்ணின் குரல் எழுந்தது.

"யா அல்லாஹ், மூணு மஞ்சள்!"

"எங்கட மகள்ட கலியாணத்துக்கு இதிலதானகா மாப்புள கை கழுவின!"

"மாப்புளட சாரம் நனயல்லதானே? அப்ப விடு!"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. அதில் பகை இருக்கவில்லை. பகை இருந்திருந்தால் சல்மா உம்மா எதிர்த்துப் பேசியிருப்பாள். இரண்டாவது பேசின் கவிழ்ந்தது, மூன்றாவது கவிழ்ந்தது, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு ஏறியது. ஆறும் கவிழ்ந்து முடியும்வரை அவள் நேராக இருந்தாள். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, திரையின் குறுக்காகவே நடந்து வெளியே போனாள். அவளுடைய நிழல் பேசின்களின்மேல் விழுந்து நகர்ந்தது. ஆண்கள் பக்கத்தில் ஏன் சிரிப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. அவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை சல்மா உம்மா கொட்டிலுக்கு வந்தாள். அபூசாலி வலைக்குப் போயிருந்தார். ஜெஸீமா அடுப்பிருந்த குசினிப் பக்கம் நின்றாள்.

"கதவச் சாத்து புள்ள."

"கதவில்ல ராத்தா. திரதான்" என்றாள் றம்லா, வழக்கம்போல் அவளை அக்கா முறை வைத்து.

"அதயாச்சும் இழு."

றம்லா இழுத்தாள்.

"ஒனக்கு ரெண்டு அறதான் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றாள் சல்மா உம்மா. குரல் உயரவில்லை. "மூணாவது அறய நான் கட்டினன். வாயால கட்டினன். என்ட மச்சிமார் கேக்கக்க, தெரிஞ்சவங்க கேக்கக்க, ஒவ்வொரு கல்லா வெச்சன். நீ என்ட ஆறு பேசினயும் ஊருக்குக் கவுத்துக் காட்டிட்ட."

"வெளிநாட்டுக்குத்தான் எண்டு செல்லித்தான் ராத்தா எடுத்தாங்க..."

"புள்ளியத் தெரியாதவனுக்கு என்னத்துக்குக் காட்டின? அவனுக்குக் காட்டி ஒனக்கு என்ன கெடச்ச?"

கிடைத்தது என்னவென்று றம்லாவுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு அந்தக் கொட்டிலில் வார்த்தை இல்லை.

"அவர் என்னக் கேட்டார்" என்றாள் சல்மா உம்மா. "'நம்மட பேசினா அது?' எண்டு. நான் இல்லயெண்டன். முப்பது வருசத்தில நான் அவருக்குச் செல்லின பெரிய பொய் அதுதான். இப்ப நீ அதுக்குச் சாட்சி செல்லணும். வியாழக்கிழம என்ட வீட்ட ராத்திபு ஓதுறம், பொம்புளயள் எல்லாம் வருவாங்க. அந்த இடத்தில செல்லு. பேசின் ஒன்ட பழசு, படத்துக்கு வடிவா இரிக்கட்டும் எண்டு புள்ளியும் நீதான் வெச்ச எண்டு. செல்லினா ஹஜ்ஜி கழிய நிக்காஹ். இல்லாட்டி..." அவள் குசினிப் பக்கம் பார்த்து, "மகள், தண்ணி கொஞ்சம் தா" என்றாள். ஜெஸீமா கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தாள். அதை நல்ல சகுனமாக றம்லா எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு சோறு போடும்போது அபூசாலியிடம் சொன்னாள்.

"செல்லிப்போடு" என்றார் அவர். "ஒரு பேசினுக்காகப் புள்ளட வாழ்க்கய விடுறயா? பொய்யெண்டாலும் சின்னப் பொய்."

பொய்யின் அளவை அதைச் சொல்கிறவர் அளக்க முடியாது, அது யார் காதில் போய் விழுகிறதோ அங்கேதான் அளவாகிறது. இதை அபூசாலி யோசிக்கவில்லை. றம்லாவும் யோசிக்கவில்லை. அவளுடைய சங்கடம் வேறு. அந்த ஆறு பேசினையும் தன் வேலை அல்ல என்று சொல்லவேண்டியதில்லை, தன் பழைய குப்பை என்று சொன்னால் போதும். அதுதான் கடினமாக இருந்தது.

வியாழக்கிழமை இறைபுகழ் ஓதி முடிந்து, சாம்பிராணிப் புகை அடங்கி, இருபது பெண்களுக்கு முன்னால் தேத்தண்ணீர் வைக்கப்பட்டபோது அவள் சொன்னாள்.

"படத்தில வந்த பேசின் ராத்தாட கடச் சாமான் இல்ல. என்ட பழசு. வடிவுக்கு நான்தான் மஞ்சப் பெயின்டால புள்ளி வெச்சன். தெரியாத்தனமா வெச்சிட்டன்."

"அப்ப அந்த ஒட்டு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதும் என்ட சாமானில ஒட்டினதுதான். கடச் சாமான் நான் ஒண்டும் தொட்டதில்ல."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. நம்பியதாக வைத்துக்கொண்டார்கள். சல்மா உம்மா அவளுக்குத் தன் கையால் வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தாள், இரண்டு துண்டு. வீட்டுக்கு வந்ததும் றம்லா நிறம் பிரித்த உரப்பைகள்மேல் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.

நம்பிய ஒரே ஆள் முகைதீன்பாவா.

ஞாயிற்றுக்கிழமை அவர் கரைவலை இழுக்கும் இடத்துக்கே போய் அபூசாலியைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை.

"காக்கா, பேசின ரெண்ட களவெடுத்திருந்தாலும் நான் பெரிசாக்க மாட்டன். இல்லாத கொற எண்டு விட்டிருப்பன். ஆனா அடுத்தவன்ட அடயாளத்தத் தன்ட சாமானில வெக்கிற இரிக்கே, அது எங்கட தொழில்ல ஹறாம். இண்டைக்கு வடிவுக்கு வெப்பாங்க, நாளைக்கு என்ட அடுக்கில வந்து 'இது எங்கட' எண்டு எடுப்பாங்க. நான் பாவா எண்டு பேர் எடுத்தது அந்த மூணு புள்ளியாலதான். அதப் போலியா வெச்ச வீட்டில என்ட மகன் குடியிரிக்க ஏலாது. நீங்க கோவிக்கக் கூடா."

அபூசாலியின் கையில் வலைக்கயிறு இருந்தது. இழுக்கிறவர்கள் கூப்பிட்டார்கள். "நான் வீட்ட கேட்டுப்போட்டு..." என்றார்.

"கேக்க ஒண்டுமில்ல காக்கா. இருபது பேருக்கு முன்னால அவடயே வாயால செல்லினது."

செய்தி கேட்டதும் றம்லா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சல்மா உம்மாவின் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் சல்மா உம்மா நின்றாள். உள்ளே விடவில்லை. அவள் கண்களும் வீங்கியிருந்தன.

"உண்மயச் செல்லுங்க ராத்தா. அவருக்கு மட்டும் செல்லுங்க."

"என்னெண்டு செல்ல? ஒருக்கா நான் பொய் செல்லினன். பொறகு ஒன்னக் கூட்டி வந்து அதுக்குச் சாட்சியும் வெச்சன். இப்ப உண்மயச் செல்லினா அவருக்கு நான் யாரு? எனக்கும் போக வேற வீடில்ல புள்ள. இதும் என்ட உம்மா தந்த வீடுதான், ஆனா அவரில்லாட்டி இது வெறும் சுவர்." கதவைப் பாதி சாத்திவிட்டு, "நான் துஆ கேக்கிறன்" என்றாள். பிறகு முழுவதும் சாத்தினாள்.

ஒரு வாரம் முழுக்க இம்தாதின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஜெஸீமா கொட்டிலுக்கு வெளியே போய்க் கதைத்தாள். அவள் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், உரப்பைகளை, முச்சக்கர வண்டியை, அவளே தணல் ஊதிக் கொடுத்த நாட்களை. பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நிந்தவூர்ப் பக்கம் அவனுக்கு வேறு இடம் பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

அன்று பின்னேரம் றம்லா யாரோ கொண்டுவந்த ஒரு தொட்டியின் வெடிப்பில் ஆணி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெஸீமா பக்கத்தில் வந்து குந்தினாள். பல நாளாக அவள் உம்மாவோடு தேவைக்கு மேல் கதைத்ததில்லை.

"நான் செல்லினத அவர் நம்பல்ல" என்றாள். "'ஒங்கட உம்மா இருபது பேருக்கு முன்னால செல்லினது பொய்யா, நீ இப்ப செல்லுற பொய்யா' எண்டு கேட்டார். நான் என்ன செல்லுற?"

றம்லா ஆணியைத் தணலில் வைத்தாள்.

"உம்மா. ஒண்டு கேக்கவா? புள்ளி தெரியுமெண்டு தெரிஞ்சுதானா கவுத்தின நீங்க?"

தெரியாது என்று சொல்லலாம். கோகுலன்மேல் போடலாம். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று வைக்க இடம் இருந்தது.

"ஓம்" என்றாள் றம்லா. "தெரிஞ்சுதான்."

"என்னத்துக்கு?"

"ஆராச்சும் பாக்கட்டும் எண்டு."

ஜெஸீமா ஒரு சிரட்டைத் துண்டை எடுத்துத் தணலில் போட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்த றம்லா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"படம் காட்டின அண்டைக்கே மாமாவுக்குக் கத போயிட்டாம்" என்றாள் ஜெஸீமா. "மாமியிட்டக் கேக்க முந்தி. லொறியில இவருக்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் செல்லி இரிக்கார். 'நம்மட பேசினத்தான் யாரோ ஒட்டி இரிக்காங்க போல, ஒட்டினா என்ன மகன், இத்தின கலியாணத்தில ஒரு சொட்டு ஒழுகல்லயே. நல்ல கைக்காரி' எண்டு. இவர்தான் எனக்குச் செல்லினார். போன் எடுத்த அந்தக் கிழமையில முதல்ல செல்லினார், எங்கட சண்டைக்கு முந்தி."

றம்லா வைத்த ஆணி தணலில் கிடந்து சிவந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"நல்ல கைக்காரி எண்டா செல்லினார்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் ஜெஸீமா. எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.